இலக்கமில்லாத சுளகு

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பதினொன்று இருபது. கணவருக்கு ஒரு மணிக்கு வேலை. அதற்கு முன் அவருக்குச் சாப்பாடு போடவேண்டுமே என்று சமையலறை மணிக்கூட்டை அந்த நேரம்தான் நிமிர்ந்து பார்த்தேன். மகள் துளசி கதிரையிலிருந்து இறங்கி வந்து, "அம்மா, வயிறு எரியுது" என்றாள். சொல்லி முடிக்குமுன் நின்ற இடத்திலேயே வாந்தி எடுத்தாள். அவளுக்கு அப்போது நாலரை வயது. ஒருமுறை எடுத்தால் குழந்தைகளுக்கு வழமைதானே என்று துடைத்துவிட்டேன். இரண்டாம் முறை எடுத்தபோது அவளுடைய உதடு வெளுத்திருந்தது. மூன்றாம் முறை அவளால் நிற்க முடியவில்லை.

முப்பத்தைந்து வருடங்கள் நான் ஓர் அருங்காட்சியகத்தின் பண்டகசாலையில் வேலை செய்தேன். அதன் பெயர் இங்கே தேவையில்லை. சுவாசப்பை ஒத்துழைக்காததால் இந்த வருடம் ஐம்பத்தெட்டு வயதிலேயே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். என் கடைசி மாதத்தில் புதிய கருவி ஒன்று வந்தது. கைத்துப்பாக்கி மாதிரி இருக்கும். பழைய கூடை, முகமூடி, தோல் என்று எதை நோக்கிப் பிடித்தாலும் அரை நிமிடத்துக்குள் அதில் ஆர்சனிக் இருக்கிறதா, பாதரசம் இருக்கிறதா என்று திரையில் காட்டிவிடும். இளையவர்கள் ஆளுக்காள் அதைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னிடம் கேட்டாள், "நீங்கள் ஏன் வெறும் பெட்டியைத் தூக்கக்கூட ரப்பர் கையுறை போடுகிறீர்கள்? எல்லாரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள், தெரியுமா?"

அன்று நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் சுவிசுக்கு வந்தது எண்பத்தைந்தின் கடைசியில். பேர்ன் நகரத்துக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில் இரண்டு அறை வீடு. கணவருக்கு ஒரு ஹோட்டல் சமையலறையில் சட்டி கழுவும் வேலை. நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் முடித்திருந்தேன். இங்கே எனக்குக் கிடைத்தது அருங்காட்சியகத்தில் நிலம் துடைக்கும் வேலை. எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராத காலம் அது. வேலை போனால் அடுத்த வேலைக்கு அனுமதி கேட்கவேண்டும். எங்கள் பேரில் ஒரு குற்றம் எழுதப்பட்டால் விண்ணப்பமே போய்விடும் என்று எல்லாரும் சொல்லிப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள்.

பண்டகசாலையின் பொறுப்பாளர் ஃபிராவ் ப்ரூகர், எங்கள் வழக்கில் திருமதி ப்ரூகர். அறுபதை நெருங்கிய, ஒல்லியான பெண். சாம்பல் நிற மேலங்கி போட்டிருப்பார், கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருக்கும். மற்றவர்களோடு பேர்ன் நகரத்துப் பேச்சு மொழியில் கதைப்பார். என்னோடு மட்டும் புத்தக ஜெர்மன், ஒவ்வொரு சொல்லாக. ஒருநாள் நிலம் துடைப்பதற்காக ஒரு கூடையை நான் நகர்த்தியதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இப்படித் தூக்க யார் சொல்லித்தந்தது?"

நான் பயந்துபோனேன். "யாரும் இல்லை."

"ஏன் விளிம்பில் பிடிக்கவில்லை? எல்லாரும் விளிம்பில்தான் பிடிக்கிறார்கள்."

"நெல் நிறைந்த கூடையை விளிம்பில் பிடித்தால் விளிம்பு மட்டும்தான் கையோடு வரும்."

"இது வெறும் கூடை."

"கைக்கு அது தெரியாது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பென்சிலை உருவி எதையோ எழுதிக்கொண்டு போனார். அடுத்த மாதத்திலிருந்து நான் பண்டகசாலை உதவியாளர்.

பயிற்சி நாலு மாதம். புதிதாக வரும் கூடையைப் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, பெரிய குளிர்ப்பெட்டியில் இரண்டு கிழமை, பதினாலு நாள், வைக்கவேண்டும். வெளியே எடுத்து ஒருநாள் ஆறவிட்டுத் திரும்பவும் வைக்கவேண்டும். முதல் குளிருக்குத் தப்பிய பூச்சி முட்டைகள் இரண்டாம் குளிரில் சாகும். பிறகு தூசி உறிஞ்சும் குழாயின் வாயில் வலைத்துணி கட்டி, பின்னலின் போக்கிலேயே மெல்ல இழுக்கவேண்டும். எந்தக் காரணம் கொண்டும் தண்ணீர் படக்கூடாது. பழைய ஓலை தண்ணீரை உறிஞ்சி ஊதும், காயும்போது வெடிக்கும், சாயமும் கரையும். இலக்கத்தைப் பருத்தி நாடாவில் எழுதிக் கட்டவேண்டும், அதே இலக்கத்தில் ஓர் அட்டை எழுதவேண்டும். இலக்கம் இல்லாத பொருள் ஊர், பேர் தெரியாத பொருள். இது எல்லாவற்றுக்கும் வெள்ளைப் பருத்திக் கையுறை. அந்தக் கையுறை எங்கள் கையின் எண்ணெயிலிருந்து கூடையைக் காப்பாற்றுவதற்கு. கூடையிலிருந்து கையைக் காப்பாற்றவேண்டி வரும் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

குளிர்ப்பெட்டி வருவதற்கு முன் என்ன செய்தார்கள் என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கு முன் இருந்தவர்கள் தூள் போட்டார்கள்" என்றார் ஃபிராவ் ப்ரூகர். என்ன தூள் என்று நான் கேட்கவில்லை.

எண்பத்தேழாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஆப்பிரிக்கக் கூடைகளின் கண்காட்சி ஒன்று நடந்தது. அதற்காக பொட்ஸ்வானாவின் வடமேற்கிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்திருந்தார்கள். பத்து நாட்கள் மண்டபத்தில் இருந்து கூடை பின்னிக் காட்டவேண்டும். அவர் பெயர் நலேடி. நாற்பதைத் தாண்டிய, அகன்ற தோள் கொண்ட பெண். யாரோ கொடுத்த பச்சைக் கம்பளிக் கோட்டைக் கடைசிவரை கழற்றவில்லை. அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய் வைப்பது, ஓலை வெட்டிய குப்பை கூட்டுவது என் வேலை. இரண்டு பேருக்கும் ஆங்கிலம் தெரிந்திருந்ததால் முதல் நாளே கதைக்கத் தொடங்கிவிட்டோம். அவர் பேசிய ஆங்கிலம் என் நினைவில் எங்கள் பேச்சாகத்தான் தங்கியிருக்கிறது.

அவர் கொண்டுவந்த ஓலையைப் பார்த்ததும் எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. எங்கள் பனைக்கு ஒன்றுவிட்ட சகோதரி மாதிரி ஒரு மரம். குருத்தோலையைக் கீலம் கீலமாகக் கிழித்து, சிலதை வேர்ப்பட்டையோடு அவித்து மண்ணிறம் ஏற்றியிருந்தார். எங்கள் ஊரில் ஓலையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னுவோம். அவர் அப்படிச் செய்யவில்லை. புல்லைக் கற்றையாகச் சேர்த்து, அதைச் சுருளாக வளைத்து, மேல் சுருளைக் கீழ்ச் சுருளோடு ஓலையால் தைத்தார். ஊசி என்பது மரப்பிடி போட்ட ஒரு கம்பி. கம்பியால் ஓட்டை போட்டு, ஈர ஓலையின் நுனியை நுழைத்து இழுப்பார். இழுக்கும்போது ஒரு சின்னச் சத்தம் வரும். முழங்கை அளவு கூடைக்கு மூன்று கிழமை ஆகும் என்றார்.

பார்க்க வருகிறவர்கள் கோலங்களின் பெயரைக் கேட்பார்கள். "இது வரிக்குதிரையின் நெற்றி. இது ஆமையின் முழங்கால்" என்று சொல்லுவார். அலையலையாக வளைந்து போகும் ஒரு மண்ணிறக் கோட்டைக் காட்டி, கழுத்தில் முத்துமாலை போட்ட ஒரு சீமாட்டி இதன் பெயர் என்ன என்று கேட்டார்.

"காளை நடந்துகொண்டே மூத்திரம் பெய்த தடம்" என்றார் நலேடி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

சீமாட்டி போனபிறகு நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். "உண்மையாவோ? இல்லாட்டி அவவுக்காகச் சொன்னனீங்களோ?"

"உண்மைதான். உன்ரை ஊரிலை காளை நிண்டுகொண்டோ பெய்யும்?"

இன்னொரு நாள் எங்கள் விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் ஓலையைப் பல்லில் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "நானும் ஓடி வந்தவள்தான்" என்றார் பிறகு. "அங்கோலாவிலை சண்டை. பிள்ளையை முதுகிலை கட்டிக்கொண்டு நடந்தனாங்கள். ஒரு மழைக்காலம் முழுக்க வழியிலை. உங்களுக்கு எத்தினை வருசம் காகிதம் வர?"

"ரெண்டு முடியப்போகுது. இன்னும் வரேல்லை."

"வரும். அதுவரைக்கும் கையை ஏதாவது வேலையிலை வைச்சிரு. சும்மா இருக்கிற கைதான் பயப்படும்."

வியாழக்கிழமை அவரைப் பண்டகசாலைக்கு அழைத்துப்போனோம். ஃபிராவ் ப்ரூகர் இழுப்பறை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். நலேடி சிலவற்றின் முன் நின்றார், சிலவற்றைப் பார்க்கவே இல்லை. கதவுக்குப் பக்கத்துத் தட்டில் 'வெளியே போகவேண்டியவை' என்று எழுதியிருக்கும். உடைந்தது, இரண்டு மூன்று இருப்பது, இலக்கம் தொலைந்தது எல்லாம் அங்கே. அதிலிருந்து ஒன்றை நலேடி கையில் எடுத்தார். விளிம்பு ஓரிடத்தில் பிரிந்த, ஆழமில்லாத அகன்ற கூடை. தானியம் புடைப்பதற்கானது. எனக்குச் சுளகு என்றுதான் தோன்றியது.

"இதை எப்பிடிப் பிடிப்பாய்?" என்று என்னிடம் நீட்டினார்.

நான் இரண்டு கையாலும் வாங்கி, இடுப்பளவில் வைத்து, முன்பக்கத்தை உயர்த்தித் தட்டினேன். அவர் கைதட்டிச் சிரித்தார். வாங்கித் தானும் தட்டினார். அதே தட்டு, அதே மணிக்கட்டு. ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளையாகக் கொஞ்சம் தூசி பறந்தது. பழைய மா என்று நினைத்தேன்.

"தட்டவேண்டாம், தயவுசெய்து" என்றார் ஃபிராவ் ப்ரூகர்.

நலேடி அதைக் கவிழ்த்து நடுப்பகுதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மண்டபத்தில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

அடுத்து நான் செய்ததைச் சுற்றிவளைக்காமல் எழுதிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை மாலை அந்தச் சுளகைத் துணிப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். பண்டகசாலையிலிருந்து ஒரு நூலைக்கூட வெளியே எடுக்கக்கூடாது என்பது முதல் நாளே சொல்லப்பட்ட விதி. எனக்கு அது தெரியும்.

காரணம் பிட்டு. குழைத்த மாவைச் சுளகில் கொட்டி, தகரப் பேணி விளிம்பால் கொத்திக் கொத்தித்தான் பிட்டு உதிரியாக வரும். சுளகில் மா ஒட்டாது, ஈரத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். இங்கே சுளகுக்கு எங்கே போவது? நான் எனாமல் தட்டில் கொத்துவேன். மா வழுக்கி உருண்டு உருண்டாகத் திரளும். கணவர் ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்பார்.

"இஞ்சேரப்பா, இது பிட்டோ, கொழுக்கட்டையோ? சொல்லிப்போட்டுப் போட்டால் அதுக்கேத்த மாதிரிச் சாப்பிடலாம்."

ஞாயிறு காலை சுளகை எடுத்தேன். ஊரில் என்றால் புதுச் சுளகைக் கழுவி வெயிலில் காயவைக்காமல் அடுப்படிக்குள்ளே எடுக்கமாட்டேன். ஆனால் பண்டகசாலை என் கையை மாற்றிவிட்டிருந்தது. பழைய ஓலையில் தண்ணீர் பட்டால் வெடித்துவிடுமே என்று உலர்ந்த துணியால் மட்டும் துடைத்தேன். வறுத்த மாவைக் கொதிநீரில் குழைத்துக் கொட்டி, பால்பேணி விளிம்பால் கொத்தினேன். ஒவ்வொரு கொத்துக்கும் பேணி சுருளின் இடுக்குகளைச் சுரண்டியது. அன்றைக்குப் பிட்டு பூப்போல வந்தது.

வழக்கம்போல் முதல் பங்கு துளசிக்கு. வாழைப்பழமும் சீனியும் போட்டுப் பிசைந்து ஊட்டினேன். "இன்னும்" என்று கேட்டாள். பசியே இல்லாத பிள்ளை, கேட்கிறாளே என்று சந்தோஷத்தோடு இன்னும் ஊட்டினேன். கணவர் குளித்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் சாப்பிடவில்லை.

அம்புலன்ஸ் வந்தபோது பதினொன்று ஐம்பது. ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கழுவினார்கள், கையில் சேலைன் ஏற்றினார்கள். கன்னமெல்லாம் செம்புள்ளி விழுந்த இளம் டொக்டர் ஒருவர் என் முன்னால் குந்தியிருந்து கேட்டார்.

"என்ன சாப்பிட்டாள்?"

"அரிசி மா, வாழைப்பழம், சீனி."

"வீட்டில் எலி மருந்து? பூச்சி மருந்து? பெயின்ட்?"

"இல்லை."

"இது கெட்டுப்போன சாப்பாடு மாதிரி இல்லை. ஏதோ ஒரு நஞ்சு போயிருக்கிறது. நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள்?"

அந்தக் கேள்வியில்தான் ஜன்னல் வெளிச்சத்தில் பறந்த வெள்ளைத் தூசி என் கண்முன் வந்தது. 'எனக்கு முன் இருந்தவர்கள் தூள் போட்டார்கள்' என்று ஃபிராவ் ப்ரூகர் சொன்னதும் நினைவுக்கு வந்தது. என் முகம் மாறியதைக் கணவர் பார்த்துவிட்டார். விசயம் அவருக்கும் பிடிபட்டுவிட்டது. தமிழில், உதடு அசையாமல் சொன்னார்.

"கூடைக் கதையை எடுக்காதை. களவெண்டு எழுதுவாங்கள். மூண்டு பேரையும் ஏத்தி அனுப்புவாங்கள். அங்கை அனுப்பினா இவள் உயிரோடை இருப்பாளோ?"

"இப்ப இவளைப் பாருங்கோவன்…"

"வயித்தைக் கழுவினவங்கள்தானே. கொஞ்சம் பொறு. தேறி வருவாள்."

நான் பொறுத்தேன். டொக்டர் துளசியிடம் திரும்பிப் போனார். அறைச் சுவரில் இருந்த மணிக்கூட்டின் பெரிய முள் எட்டு முறை அசைந்தது. துளசி காலை உதறி, "அம்மா, காலுக்குள்ளை எறும்பு" என்று அழுதாள். எட்டு நிமிடம். இன்றைக்கு அவளுக்கே இரண்டு பிள்ளைகள். ஆனாலும் யாராவது 'ஒரு எட்டு நிமிசம் நில்லுங்கோ' என்றால் நான் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறேன். கணவர் பயந்தது எங்களுக்காகத்தான், அதில் எனக்குக் கோபம் இல்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தது என் முடிவு.

எட்டாவது நிமிடத்தில் எழுந்துபோய் டொக்டரின் வெள்ளைக் கோட்டைப் பிடித்து இழுத்தேன். வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு பழைய கூடையைக் கேட்காமல் எடுத்தேன், அதில் மாவைப் போட்டுக் கொத்தினேன், அந்தக் கூடையில் முன்பு ஏதோ தூள் போட்டிருக்கிறார்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் முகத்தில் கோபமில்லை. "என்ன தூள்?"

"தெரியாது."

தொலைபேசியில் நஞ்சு பற்றிச் சொல்லுகிற நிலையத்தோடு பேசிவிட்டு வந்தார். பழைய அருங்காட்சியகப் பொருட்களில் மூன்று நாலு வகை நஞ்சு இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு என்றார். ஒன்றுக்கு ஒரு முறிவு ஊசி இருக்கிறது. ஆனால் அதுவே கடுமையான மருந்து. பதினாறு கிலோப் பிள்ளைக்கு ஊகத்தில் போடமுடியாது. ஆய்வுகூட முடிவு நாளைக்குத்தான் வரும். "அந்த நஞ்சாக இருந்தால் நாளைவரை காத்திருக்கவும் முடியாது" என்றார்.

ஃபிராவ் ப்ரூகரின் வீட்டு இலக்கம் எனக்கு மனப்பாடம். தாதியின் மேசையிலிருந்து அழைத்தேன்.

"ஃபிராவ் ப்ரூகர், நான் ஒரு கூடையை வீட்டுக்குக் கொண்டுபோனேன்."

"என்ன?"

"வெளியே போகும் தட்டில் இருந்தது. விளிம்பு பிரிந்த தட்டைக் கூடை. அதில் சமைத்தேன். மகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். என்ன தூள் என்று கேட்கிறார்கள்."

மறுபக்கத்தில் எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அதற்கு அட்டை இல்லை" என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "எந்தத் தொகுப்பில் வந்தது என்று தெரியாவிட்டால் என்ன போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொன்று போட்டிருக்கிறார்கள்."

"நலேடி அதை வியாழக்கிழமை கவிழ்த்துப் பார்த்தவர். ஏதோ சொல்ல வந்தவர். அது எந்த ஊர்க் கூடை என்று அவருக்குத் தெரியலாம்."

"உங்கள் கணவரிடம் கூடையை உடனே கொண்டுவரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். நான் அவரைக் கூட்டிக்கொண்டு பண்டகசாலை வாசலில் நிற்பேன்."

கணவர் டாக்சியில் வீட்டுக்குப் போய், கூடையை எடுத்துக்கொண்டு பண்டகசாலைக்குப் போனார். அதற்குப் பின் அங்கே நடந்தது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அவர் ஒரு பொம்பிளையைப் பற்றி அவ்வளவு மரியாதையாகக் கதைத்து நான் கேட்டதில்லை.

"அந்த ஆபிரிக்க அக்கா ஒரு பதட்டமும் படேல்லையப்பா. ஃபிராவ் ப்ரூகர்தான் ரப்பர் கையுறையைத் தூக்கி அவவுக்கும் எனக்கும் தந்தா. அக்கா கூடையைக் குப்புறப் போட்டா. நடுவிலை, தொடங்கின இடத்திலை விரலை வைச்சா. பிறகு சுருளோடை விரலாலை நடந்தா, வெளி விளிம்பு வரைக்கும். ரெண்டு தரம். நான் கத்தவேணும் போலை நிண்டன். பிறகுதான் வாய் திறந்தவ."

அவர் என்ன சொன்னார் என்பதை மறுநாள் நலேடியிடமே கேட்டேன். தன் கூடையைத் தொட்டுக் காட்டித்தான் சொன்னார்.

"இஞ்சை பார். எங்கடை ஆத்தங்கரைப் பெண்கள் முடிச்சுப் போட்டுத் தொடங்குவம். அந்தச் சுளகு சின்னச் சதுரம் பின்னித் தொடங்கினது. சுருளும் மறுபக்கம் சுத்துது. உள்ளுக்கு வைச்ச புல்லு எங்கடை தண்ணிக்குள்ளை வளராது. அது மேட்டுநிலத்து ஆக்களின்ரை கை. நாங்கள் ஓடி வரேக்கை ஒரு மழைக்காலம் எங்களுக்கு இடம் தந்தவை. அப்பிடிச் சுளகிலைதான் நான் அவையளுக்குத் தினை புடைச்சுக் குடுத்தனான். வியாழக்கிழமை கண்டவுடனை மனசு ஒருமாதிரிப் போச்சு. சொல்ல வந்தனான். கூப்பிட்டிட்டினம்."

பிறகு கம்பியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "அவள் அதைத் தானியத்துக்கெண்டுதான் செய்தவள். நீயும் அதுக்குத்தான் எடுத்தாய். இடையிலை வந்தவைதான் அதைச் சாப்பாட்டுக்கு ஆகாமல் செய்தது."

அங்கோலாவின் மேட்டுநிலத்திலிருந்து அந்தப் பண்டகசாலைக்கு வந்தது ஒரே ஒரு பெட்டி. ரயில்பாதை போடப் போன ஒரு சுவிஸ் பொறியியலாளர் கொடுத்தது. கையால் எழுதிய பழைய பதிவேட்டை ஃபிராவ் ப்ரூகர் நிலத்தில் முழங்காலில் நின்று புரட்டினாராம். அந்தப் பெட்டிக்கு நேரே, பெட்டி முழுவதும் வெள்ளை ஆர்சனிக் தூவப்பட்டது என்று எழுதியிருந்தது.

இரண்டு பத்துக்கு டொக்டருக்குத் தொலைபேசி வந்தது. அவர் ஒரே ஒரு சொல்லைத் திருப்பிச் சொன்னார். பிறகு ஓடினார். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் ஓடியதை நான் அன்றுதான் கண்டேன்.

முதல் ஊசியைத் தொடையில் போட்டபோது துளசி கத்திய கத்தலில் நான் சந்தோஷப்பட்டேன். அதுவரை அவளுக்குக் கத்தச் சக்தி இருக்கவில்லை. நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஊசி, இரண்டு நாளைக்கு. போகும் சிறுநீரையெல்லாம் போத்தலில் பிடித்து அளந்தார்கள். நாலரை மணிபோல அவள் கண்ணைத் திறந்து, "அப்பா எங்கை?" என்று கேட்டாள். "தண்ணி" என்றாள். குடித்த தண்ணீர் உள்ளேயே நின்றது. டொக்டர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "இப்போது கொஞ்சம் நம்பலாம்" என்றார்.

நம்பிக்கை வந்தவுடன் மற்றப் பயமும் வந்தது. கணவர் திரும்பி வந்து என் பக்கத்தில் இருந்தார். பொலிசுக்கு யார் சொல்வார்கள், எப்போது வருவார்கள் என்றுதான் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். நடைபாதையில் சப்பாத்துச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் கையில் இருந்த எங்கள் அடையாள அட்டைகளைச் சரிபார்த்தார்.

ஐந்தரைக்கு வந்தது நலேடி. பச்சைக் கோட்டோடு நேராக உள்ளே நடந்துபோய், ஒருவரிடமும் கேட்காமல், துளசியின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு போர்வையை விலக்கி அவளுடைய இரண்டு பாதங்களையும் கைக்குள் வைத்துத் தேய்க்கத் தொடங்கினார்.

அவருக்குப் பின்னால் ஃபிராவ் ப்ரூகர். வீட்டுத் தோட்டத்தில் நின்றபடியே வந்திருக்கிறார் போலும், காலில் மண் ஒட்டிய ரப்பர் சப்பாத்து. அறை வாசலோடு நின்றுவிட்டார். நான் எழுந்தேன். மத்தியானத்திலிருந்து மனதுக்குள் தயாரித்து வைத்திருந்ததை, அவர் சொல்லித்தந்த அதே புத்தக ஜெர்மனில் சொன்னேன்.

"மன்னியுங்கள். நான் திருடினேன். நாளைக்குச் சாவியைக் கொண்டுவந்து தருகிறேன்."

அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"அந்தக் கூடை செவ்வாய்க்கிழமை ஒரு பாலர் பள்ளிக்குப் போக இருந்தது" என்றார். "உடைந்ததுதானே, பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும், தலையில் வைத்து விளையாடட்டும் என்று நானே கடிதம் எழுதினேன். இருபத்திரண்டு பிள்ளைகள். கையெழுத்து என்னுடையது."

பிறகு கட்டிலில் இருந்த என் மகளைப் பார்த்தார்.

"நான் உள்ளே வரலாமா?"